தலைவர் இருதயம்

கும்மிடிப்பூண்டி வட்டார இருதயப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று எழுபத்தெட்டாம் வருஷம் ஏன் உண்டாயிற்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் மாரடைப்பால் மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் அரிசி மில் முதலாளி, ஒருவர் செங்கல் சூளைக்காரர், மூன்றாமவர் எளாவூர் செக்போஸ்ட் வழியாக லாரி ஓட்டிச் சம்பாதித்தவர். அதற்கு முன்பும் எங்கள் ஊர்களில் ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்ததுண்டு. ஏர் ஓட்டும்போது விழுந்தார்கள், மூட்டை தூக்கும்போது விழுந்தார்கள். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லி எடுத்துப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். முதலாளிகள் வரிசையாகப் போன பிறகுதான் அது ஒரு நோய் என்று எங்களுக்குத் தெரிந்தது.

கமிட்டிக்குத் தலைவர் முன்னாள் சேர்மன் தணிகாசலம். பதவி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தும் வீட்டு வாசலில் சேர்மன் போர்டு இருந்தது. ஆள் நல்ல கனம். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று யாரையாவது கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் மேலே போவார். மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா? செயலாளர் மணவாளன், திருவள்ளூரில் குடியிருந்த ரிட்டையர்டு தாசில்தார். சர்வீஸில் அவர் உருப்படியாகச் செய்த காரியம் எலெக்‌ஷன் நடத்தியதுதான். அதனால் எதைக் கொடுத்தாலும் எலெக்‌ஷன் மாதிரியே நடத்துவார். சொந்த மகள் கல்யாணத்தில் பந்திக்கு வந்தவர்களை ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று கயிறு கட்டி நிறுத்தியவர்.

தொழிற்பேட்டைக்காக வயல்களில் கல் நட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஆலை கட்ட வந்த ஒரு முதலாளி, ஊர்க்காரர்கள் கல்லைப் பிடுங்காமல் இருக்கட்டும் என்று, கமிட்டிக்கு ஈ.சி.ஜி. மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கையிலும் காலிலும் பட்டை கட்டி, மார்பில் ஒரு ரப்பர் குமிழை ஒட்ட வைத்தால், இருதயம் துடிக்கிற துடிப்பை நீளமான தாளில் கோடாக எழுதிக் காட்டும் பெட்டி. வந்த அன்றே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்குத் தேதி அமையாததால் பல மாதம் அது பீரோவிலேயே ஆரோக்கியமாக இருந்தது.

கமிட்டியின் முதல் கூட்டத்தில் எண்ணெய்ப் பண்டங்களைக் கைவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை வாசிக்கும்போது மணவாளன் கையில் வடை இருந்ததால் தாளில் எண்ணெய் பட்டு இரண்டு வரி தெரியவில்லை. தெரிந்த வரைக்கும் ஏகமனதாக நிறைவேறியது.

கடைசியில் விழாவுக்கு நாள் குறித்தார்கள். ஜீப்பில் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பழவேற்காடு வரைக்கும் அனுப்பினார்கள். மீன் மார்க்கெட்டில் கூடையை இறக்கி வைத்திருந்த எல்லம்மாவின் காதில் அது விழுந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் பொன்னான இருதயங்களை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள அலைகடலெனத் திரண்டு வாரீர்!"

எல்லம்மாவின் புருஷன் துலுக்காணம் ஏரியில் படகு தள்ளுகிறவன். சேற்றில் கழியை ஊன்றி, மார்பைக் கொடுத்துத் தள்ளித் தள்ளியே தோளும் மாரும் திரண்டு போன ஆள். பார்க்கிறவர்கள் கண்ணேறு கழிக்கச் சொல்வார்கள். ஆனால் ஒரு மழைக்காலமாக, எதிர்க்காற்றில் தள்ளும்போது நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி அழுத்தம். அது இடது கைவழியாக இறங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் போகும். கழியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்தால் விட்டுவிடும். எழுந்து தள்ளினால் மறுபடியும் வரும். அவன் சோடா குடித்தான், பெருங்காயம் தின்றான், பிறகு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சரியாகிவிட்டது என்றான். எல்லம்மாவுக்கு அது சரியாகப் படவில்லை. படகில் அவனோடு போகும்போதெல்லாம் வலையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்து போயிருந்தாள்.

"இன்னாய்யா, கேட்டியா? நெஞ்சப் பாக்கறாங்களாம். டப்பு கூட வேணாவாம்" என்றாள்.

"டப்பு வாங்காதவன் இன்னாத்தப் பாக்கப் போறான்? வாயும்மே இது. ஒரு சோடா குடிச்சா பூடும்."

"நீ குடிச்ச சோடாவுக்கு ஒரு கடையே வெச்சிருக்கலாம். கெளம்பு சொல்றேன்."

கிளம்பினான். பொன்னேரியில் பஸ் மாறி இரண்டு பேரும் விழாப் பந்தலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை, நடுவே கயிறு. முதல் மேசையில் கமிட்டித் தொண்டன் சின்னதுரை உட்கார்ந்திருந்தான்.

"உடம்புக்கு இன்னா?"

"மார் வலி நைனா" என்றான் துலுக்காணம்.

சின்னதுரை பேனாவை மூடினான். "வலி இருக்குதா? அப்ப கெளம்பு. இது நோவு வராம தடுக்கற முகாம். வந்தவங்களுக்கு இல்ல."

"வந்தவங்க எங்க போறது?" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லம்மா கேட்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. நோவு வராதவங்கள அவுங்க பாக்க மாட்டாங்க, வந்தவங்கள நாங்க பாக்க மாட்டோம். எல்லாத்துக்கும் ஒரு டிபார்ட்மெண்ட் கீதும்மா."

எல்லம்மா புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினாள். இந்த முறை அவளே பேசினாள். "இவருக்கு ஒண்ணுமே இல்ல நைனா. ஒடம்பு கல்லு. சொம்மா பாத்துக்கினு போலாம்னு வந்தோம்."

"அதான வேணும்" என்றான் சின்னதுரை. பெயரைக் கேட்டான். பிறகு துலுக்காணத்தின் இடது கை விரலைப் பிடித்து, நகத்தின் மேல் கறுப்பு மையால் ஒரு கோடு இழுத்தான். ஒரே ஆள் இரண்டு தடவை வந்து இருதயத்தைக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக மணவாளன் செய்த ஏற்பாடு. முந்தின வருஷத்து எலெக்‌ஷனில் மிஞ்சிய மை அவர் வீட்டில் இருந்தது.

பிறகு சொற்பொழிவு. தலைவர் தணிகாசலம் மேடைக்கு வந்து, மூச்சு நிலைப்படும் வரைக்கும் கும்பிட்டுக்கொண்டே நின்றார். ஜனங்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இருதயம் என்பது எல்லோருக்கும் உண்டு. ஏழைக்கும் உண்டு. அதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். நடக்க வேண்டும். நான் நடக்கிறேன். தினமும் காலையில் வீட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரைக்கும் யாருடைய உதவியும் இல்லாமல் நடந்தே போகிறேன். எண்ணெய் விஷம். என் வீட்டில் எண்ணெய் புழங்குவதே இல்லை, எல்லாம் நெய். புகை பிடிக்காதீர்கள். எனக்கு வரும் சிகரெட்டுகளை விருந்தாளிகளுக்குத்தான் கொடுக்கிறேன், துணைக்காகத்தான் நானும் ஒன்று பற்றவைக்கிறேன். உழைக்கும் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நாளெல்லாம் வேலை செய்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு உடற்பயிற்சி செய்ய நேரமில்லாமல் போகிறது. இந்தப் பழக்கத்தை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்."

பலத்த கைதட்டல். அடுத்து மெட்ராசிலிருந்து வந்திருந்த இருதய டாக்டர் ராஜமாணிக்கம் பேசினார். புகையிலையை எந்த உருவத்திலும் விட்டுவிடுங்கள், உப்பையும் கொழுப்பையும் குறையுங்கள், ரத்தக் கொதிப்பை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலை செய்யும்போது நெஞ்சு அழுத்தி, உட்கார்ந்தால் விடுகிறது என்றால் வாயு என்று இருந்துவிடாதீர்கள் என்றார். பந்தலில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். ஆனால் அதற்குள் சாப்பாட்டு டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லம்மா மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள்.

இனிமேல்தான் பரிசோதனை. எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவானாலும் கிணறு வெட்டினாலும் முதல் மரியாதை தணிகாசலத்துக்குத்தான். மெஷினில் முதலில் படுக்கும் மரியாதையும் தனக்கே என்று அவர் ஒரு மாதம் முன்பே சொல்லி, நோட்டீசிலும் போட்டாகிவிட்டது. "மக்கள் அச்சம் தீரும் பொருட்டு, மாண்புமிகு தலைவர் அவர்களின் இருதயம் முதலில் பரிசோதிக்கப்பட்டு, முடிவு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும்." அதில் அடங்கியிருந்த ஆபத்து அவருக்கு மேடையை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. மணவாளனை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"யோவ், அந்தப் பொட்டி உள்ள இருக்கறத எல்லாம் எழுதிடுமா?"

"எழுதுங்க."

"அத மைக்குல வேற படிப்பீங்களா?"

"நோட்டீசுல போட்டுட்டோமேங்க."

"எனக்கு மாடி ஏறினாலே பேஜாரா இருக்குதுய்யா. அது எதனா தாறுமாறா எழுதிச்சுன்னா, அடுத்த எலெக்‌ஷன்ல எவன்யா எனக்கு சீட்டு குடுப்பான்? இவனே நாளைக்கோ நாளன்னிக்கோன்னு இருக்கறான்னு சொல்ல மாட்டான்?"

மணவாளன் கொஞ்சமும் பதறவில்லை. முப்பது வருஷ அனுபவம் பேசியது. "தலைவரு நேர்ல வந்துதான் போடணும்னு இல்லீங்க" என்றார். "ஓட்டுப் பொட்டிக்கு ஆள் அடையாளம் தெரியுமா? ஓட்டு நல்ல ஓட்டா இருந்தா போதும்."

கட்டிலைச் சுற்றி ஏற்கெனவே திரை கட்டியிருந்தார்கள். இருதயம் இரகசியம் என்று மணவாளன் செய்திருந்த ஏற்பாடு. மெஷினும் டாக்டரும் திரைக்கு வெளியே, ஒயர் மட்டும் துணிக்கு அடியில் உள்ளே போகும். டாக்டர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். நோயாளியைப் பார்க்காமல் எப்படி என்றார். பூத்துக்குள் அதிகாரி எட்டிப் பார்க்கக் கூடாது என்று மணவாளன் சொல்லிவிட்டார். வெறும் மூன்று நிமிஷக் காரியத்துக்கு ஒரு முன்னாள் சேர்மனோடு சண்டை எதற்கு என்று டாக்டரும் விட்டுவிட்டார்.

நல்ல ஓட்டுக்கு ஆள் வேண்டுமே. மணவாளன் வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றவர்களில் சிலருக்கு எலும்பு தெரிந்தது, சிலருக்குத் தொப்பை. நடுவில் துலுக்காணம், தேக்கு மரத்தில் கடைந்த மாதிரி நின்றிருந்தான். மணவாளன் வேறு யாரையும் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும் முன்னாடி உன்னப் பாக்கறோம். வா. உள்ள வாயத் தொறக்கக் கூடாது."

எல்லம்மாவுக்கு அந்த நேரத்தில் கடவுள் இருக்கிறார் என்றே தோன்றியது.

மணவாளன் துலுக்காணத்தையும் தலைவரையும் யார் கண்ணிலும் படாமல் பின்பக்கத் துணி வழியாகக் கூட்டிப் போனார். திரைக்குள் நர்ஸ் விக்டோரியா பட்டைகளோடு நின்றாள். இரண்டு பேர் வருவதைப் பார்த்து அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். "தலைவர் உத்தரவு" என்று மணவாளன் சொன்னதும் மூடிக்கொண்டாள். அவளுக்கும் வேலை வேண்டும். தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டிலில் படுத்த துலுக்காணம் பதறி எழுந்தான்.

"ஐயா நீங்க ஸ்டூல்ல, நான் கட்டில்லயா? வேணாங்க."

"படுய்யா!" என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

வெளியே மெஷின் கிரிச் கிரிச்சென்று எழுதத் தொடங்கியது. மணவாளன் மைக்கைப் பிடித்துவிட்டார். "இதோ, உங்கள் அன்புக்குரிய தலைவரின் இருதயம் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோடுகளைப் பாருங்கள்! மலை போல் எழுந்து, மக்களுக்காகத் தாழ்ந்து..." டாக்டர் ராஜமாணிக்கம் தாளைக் கையில் ஏந்திப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் பந்தல் முழுக்கக் கேட்டது.

"இவரை எழுந்திருக்க விடாதீங்க. இருதயத்துக்கு ரத்தம் சரியாப் போகலை. எந்த நிமிஷமும் என்ன வேணும்னாலும் ஆகலாம். உடனே மெட்ராஸ் கொண்டு போகணும்."

திரைக்குள் தணிகாசலம் ஸ்டூலோடு சரியப் பார்த்தார். இது என் இருதயமில்லை என்று சொன்னால் கள்ள ஓட்டு அம்பலமாகும். சொல்லாவிட்டால் இருதய நோயாளி. அரசியலில் கள்ள ஓட்டுப் பிடிபட்டவனைக் காட்டிலும் நோயாளிக்கு மதிப்பு அதிகம் என்று கணக்குப் போட அவருக்கு ஒரு கணம்தான் பிடித்தது. துலுக்காணத்தைப் பின்பக்கத் துணியைத் தூக்கி வெளியே தள்ளிவிட்டு மணவாளன் வழிவிட, டாக்டர் உள்ளே நுழைந்தபோது கட்டிலில் தலைவர் படுத்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. மூச்சு இரைத்தது. ரத்தக் கொதிப்பு, கருவியின் பாதரசம் உச்சிக்குப் போகும் அளவுக்கு இருந்தது. டாக்டருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒன்றுக்கு இரண்டாக எழுதிப் பார்த்துவிடலாம் என்று அவர் மெஷினிடம் திரும்பியபோது, வழக்கம்போல் கரண்ட் போய்விட்டது.

கட்டிலோடு தூக்கினார்கள். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். "தலைவர் இருதயம் வாழ்க!" என்று யாரோ கத்த, கூட்டமே அதைப் பிடித்துக்கொண்டது. வேன் ஒன்றுதான் இருந்தது. தலைவர், டாக்டர், மெஷின், தலைவருக்கு விசிற இரண்டு பேர் எல்லோரும் அதில் மெட்ராசுக்குப் போனார்கள். வரிசையில் நின்றிருந்த மற்றவர்கள் இருதயத்தோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பந்தலுக்குப் பின்னால் விக்டோரியா எல்லம்மாவைக் கண்டுபிடித்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, அது தலைவருது இல்ல. உங்க வீட்டுக்காரருது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

எல்லம்மா புருஷனிடம் ஓடினாள். அவன் பொட்டலத்தைப் பிரித்துப் பொங்கல் தின்றுகொண்டிருந்தான்.

"நோவு ஒனக்குத்தான்யா! அந்த டாக்டரு சொன்னது ஒன்னத்தான்!"

"ஒனக்கு இன்னா பைத்தியமாம்மே? மைக்குல சேர்மன் பேரத்தான சொன்னாங்க? அது நெய்யும் கறியும் துன்றவங்களுக்கு வர்ற நோவு. கூழு குடிக்கறவனுக்கு எப்டி வரும்?"

அவள் மணவாளனைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். சுற்றி ஆட்கள் நின்றதைப் பார்த்து அவர் அவளை ஒரு பக்கமாக அழைத்துப் போனார். துலுக்காணமும் பொட்டலத்தோடு பின்னாலேயே போனான்.

"அந்தக் காயிதத்தக் குடு சாமி. அத்த எட்துக்கினு மெட்ராசு போறேன்."

"அது தலைவருதும்மா. ரெக்கார்டு ஆயிடுச்சு."

"அப்ப இன்னொரு தபா பாரு. மெஷின் வந்ததும் பாரு."

மணவாளன் துலுக்காணத்தின் விரலைக் காட்டினார். "மை இருக்குதே. ஒருத்தருக்கு ஒரு தபாதான்."

"பாத்தீங்களே, இன்னா இருந்துச்சுன்னு சொல்லு!"

"அது இரகசியம். எனக்கே தெரியாது" என்றார் மணவாளன், முழு மனசாட்சியோடு. ஆனால் இவள் இப்படியே கத்தினால் சிக்கல் என்றும் அவருக்குப் புரிந்தது. கமிட்டித் தாளை எடுத்து, இன்னார் மகன் துலுக்காணம் எங்கள் முகாமில் பரிசோதிக்கப்பட்டார், அவர் பெயரில் எந்தக் குறையும் பதிவாகவில்லை என்று எழுதி, ரப்பர் முத்திரை குத்தி, எல்லம்மாவிடம் கொடுக்காமல் துலுக்காணத்திடம் கொடுத்தார். அதில் பொய் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

அந்தத் தாள்தான் அவனைக் கொன்றது. நான் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. எல்லம்மா கெஞ்சினாள், திட்டினாள், சோறு வைக்காமல் பட்டினி போட்டாள். அவன் ஒவ்வொரு முறையும் தாளை எடுத்துக் காட்டினான். டீக்கடையில் படிக்கத் தெரிந்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். சுருட்டை இன்னும் தைரியமாகக் குடித்தான். நெஞ்சு அழுத்தும்போது, "குறை இல்லன்னு சீல் குத்திக் குடுத்துட்டாங்க, இது வாயுதான்" என்று சிரித்தான். எறா மீன் வரத்து மும்முரமாக இருந்த ஒரு காலையில், எதிர்க்காற்றில் கழியை ஊன்றித் தள்ளியவன், கழியைப் பிடித்தபடியே உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கவில்லை. படகில் எல்லம்மாதான் இருந்தாள். அவனை மடியில் போட்டுக்கொண்டு, கழியை அவளே ஊன்றிக் கரை சேர்ந்தாள்.

மெட்ராசில் தலைவருக்கு நடந்தது வேறு. ஸ்பெஷல் வார்டில் உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள். சிகரெட்டைப் பிடுங்கினார்கள். மறுபடி எழுதிப் பார்த்த ஈ.சி.ஜி.யில் முதல் தாளில் இருந்தது எதுவும் இல்லை. டாக்டர் ராஜமாணிக்கம் மண்டையை உடைத்துக்கொண்டார். ஆனால் கொதிப்பும் சர்க்கரையும் எக்கச்சக்கமாக இருந்தன, அவை நிஜமாகவே அவருடையவை. அதற்கு மாத்திரை கொடுத்து, தினமும் நடக்க விட்டார்கள். கள்ள ஓட்டு வெளியே தெரியாமலிருக்க எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த தணிகாசலம், திரும்பி வரும்போது பாதியாக இளைத்து, மாடிப்படியில் யாரோடும் பேசாமல் ஏறினார். முன்கூட்டிய பரிசோதனையால் ஒரு உயிர் நிச்சயம் காப்பாற்றப்பட்டது என்பதைக் கமிட்டியின் எதிரிகள்கூட மறுக்க முடியாது.

முகாமின் முதல் வருஷ நிறைவு விழாவை அதனால் இன்னும் பெரிதாக நடத்தினார்கள். மேடை நடுவில் மேசை போட்டு, அந்த ஈ.சி.ஜி. தாளைத் தேக்குச் சட்டத்தில் கண்ணாடி மாட்டி நிமிர்த்தி வைத்து, சுற்றிச் சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். கீழே பொன் எழுத்தில் 'தலைவர் இருதயம்'. டாக்டர் ராஜமாணிக்கத்தையும் அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். தணிகாசலம் மைக் முன்னால் வந்தார். இந்த முறை மூச்சு நின்று நிதானமாக வந்தது.

"காலத்தில் பரிசோதித்துக்கொண்டதால் நான் இருக்கிறேன். நம் வட்டாரத்தில் எத்தனை பேர் அலட்சியமாக இருந்து உயிரை விடுகிறார்கள்! பழவேற்காட்டில்கூடப் போன எறா சீசனில் ஒரு படகுக்காரர் ஏரியிலேயே மாண்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் மட்டும் நம் முகாமுக்கு வந்திருந்தால்..."

அப்போது எல்லம்மா மேடைப்படி ஏறிக்கொண்டிருந்தாள். கையில் சாமந்தி மாலை. தலைவரைக் கும்பிட வந்த ஏழைப் பெண் என்று சின்னதுரை வழிவிட்டான், போட்டோக்காரன்கூடத் தயாரானான். அவள் தலைவரைத் தாண்டிப் போய், மாலையைச் சட்டத்தின் மேல் போட்டாள். முந்தானையிலிருந்து கற்பூரத்தை எடுத்து ஏற்றினாள். கண்ணாடிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.

"ஏரியில கழி ஊணி எதிர்காத்த செயிச்ச மன்னா – ஒன்ன
எழுதிவெச்ச கோட்டுக்குள்ள எப்படியோ அடச்சாங்களே!
ஊரு பாக்க வெளக்கு வெச்சி ஒசரத்துல வெச்சாங்களே – ஒன்
உசுரு போற நேரத்துல ஒத்த ஆளு வரலியே!"

உயிரோடு இருப்பவர் பெயர் எழுதிய சட்டத்துக்கு மாலை, கற்பூரம், ஒப்பாரி! முன்வரிசையில் இருந்த தணிகாசலத்தின் சம்சாரம் தாலியைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்று அலறினாள். தலைவருக்கு முகம் வெளுத்தது.

"ஏய்! நிறுத்துடி! நான் உசுரோட இருக்கறேன்டி! எடுங்கய்யா அந்த மாலைய!"

யாரும் கிட்டப் போகவில்லை. செத்தவருக்குப் போட்ட மாலையை இழவு பாதியில் எவன் தொடுவான்? எல்லம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த அடியை எடுத்தாள். ஒவ்வொரு அடியும் குழாய் ஒலிபெருக்கியில் தொழிற்பேட்டைக் கல் வரைக்கும் போயிற்று. அவள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் தணிகாசலம் தன் மாரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வேணாம், போதும்! அது என்னுது இல்ல!" என்று கத்தினார். மணவாளன் பாய்ந்து வந்து மைக்கைப் பொத்தினார். தலைவர் அவர் கையைத் தட்டிவிட்டார். "விடுய்யா! ஆயுசு போவுதுய்யா! கேட்டுக்குங்க எல்லாரும், அது என் இருதயம் இல்ல! நான் அந்தக் கட்டில்ல படுக்கவே இல்ல! இவர்தான் ஆள் வெச்சாரு! எவனோ ஒரு படகுக்காரன் நெஞ்சு அது, என்னுது இல்ல, என்னுது இல்ல!"

எல்லம்மா ஒப்பாரியை நிறுத்தினாள். முடியை முடிந்துகொண்டு எழுந்தாள். சட்டத்தை மாலையோடு எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சீரியல் பல்பின் ஒயர் கூடவே வந்ததை அறுத்துப் போட்டாள்.

"அது கமிட்டி சொத்தும்மா" என்றான் சின்னதுரை, பழக்கத்தில்.

"அவருக்குன்னு ஒரு போட்டோ கூட கெடையாது நைனா" என்றாள் அவள். "மாலை போட ஊட்ல ஒண்ணும் இல்ல. இத்தத்தான் மாட்டப் போறேன்." சின்னதுரை விலகினான்.

டாக்டர் ராஜமாணிக்கம் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "கொடும்மா, நான் ஒரு தடவை பாக்கறேன்" என்றார்.

எல்லம்மா கொடுக்கவில்லை.

"இத்த நீ அன்னிக்கே நல்லாத்தான் பாத்த சாமி" என்றாள். "ஆளத்தான் யாரும் பாக்கல."